டன்லோரிக் கோட்டையின் வடகிழக்குக் கோபுரம்

கன்னிசன் தன் தடித்த ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் வரைபடத்தின் வலது மூலையில் வைத்ததும் நினியன் டாட்ஸ் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவு பெரிய தாளில் விரல் வைக்க இடமா இல்லை? இடிந்த மதில் இருந்தது. கூரை போன கூடம் இருந்தது. கீழே அலையடிக்கும் பாறை இருந்தது. அந்த மனிதர் தேடிப் பிடித்து வடகிழக்குக் கோபுரத்தின் மேல்தான் வைத்தார்.

"இதுதான் தம்பி," என்றார். "இந்தக் கோட்டைக்கே உசிரு இதுலதான் இருக்கு."

நினியன் தலையை ஆட்டினான். டன்லோரிக் கோட்டையில் உள்ள ஒவ்வொரு கல்லையும் அவன் கயிறு பிடித்து அளந்து, அளவு மாறாமல் வரைந்திருந்தான். அந்த வடகிழக்குக் கோபுரம் ஒன்றுதான் அங்கே இல்லை.

வேண்டுமென்று செய்த காரியமல்ல. எடின்பரோவில் பெரிய கட்டடக் கலைஞர்களின் கீழே பன்னிரண்டு வருடம் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, முப்பத்துநாலாவது வயதில் தன் பெயரில் ஒரு பலகை மாட்டியவன் அவன். பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்த முதல் ஆள் இந்தக் கன்னிசன். கிளாஸ்கோவில் புகையிலை விற்றுச் சம்பாதித்தவர். பணம் வந்துவிட்டது, பரம்பரை வரவில்லை. அதனால் வடக்குக் கடற்கரையில் ஒரு பாழடைந்த கோட்டையோடு சேர்த்து நிலம் வாங்கிப்போட்டார். கோட்டைக்கு எதிரே ஒரு மாளிகை கட்ட வேண்டும். காலையில் சன்னலைத் திறந்தால் முன்னோர்கள் இடிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை இருந்தது. முதலில் இடிபாட்டைப் படம் வரைந்து கொண்டு வா, மனசுக்குப் பிடித்தால் மாளிகை வேலை உனக்குத்தான் என்று சொல்லி நினியனை அனுப்பினார்.

நினியன் போனான். ஆறு நாள் மழையில் நின்று அளந்தான். ஏழாம் நாள் படம் முடிந்தது. அதைச் சத்திரத்து மேசையில் காயப் போட்டுவிட்டு, அதே மேசையில் ஆட்டிறைச்சிச் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் பிசகு.

முழங்கை பட்டது. சூப்பு சரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், வடகிழக்கு மூலையில் மதிலுக்கு மேலே ஒரு கறை, நெட்டுக்குத்தாக எழுந்து, உச்சி கொஞ்சம் உடைந்தாற்போல நின்றுகொண்டிருந்தது. படத்துக்குப் பூசியிருந்த பழுப்பு வண்ணமும் சூப்பும் கூடப் பிறந்தவர்கள்போல ஒரே நிறம். இன்னொரு படம் வரையத் தாளும் இல்லை, நாளும் இல்லை. பேனாவை எடுத்துக் கறையில் இரண்டு சன்னல் வைத்தான். கொஞ்சம் கொடியைப் படரவிட்டான். உச்சியில் இரண்டு காக்கையை உட்கார வைத்தான். காக்கை உட்கார்ந்ததும் கோபுரம் உறுதியாகிவிட்டது.

ஒழுங்கான தொழில்காரன் என்பதால் படத்தின் அடியில் முன்பே அளவுகோல் வரைந்து வைத்திருந்தான். அதன்படி பார்த்தால் அந்தச் சூப்பின் உயரம் அறுபத்திரண்டு அடி.

"நிறத்தைப் பாரேன், நிறத்தை," என்று கன்னிசன் மூக்கு தாளில் படும்படி குனிந்தார். "இது என்ன சாயம்?"

"அந்த ஊர்ச் சரக்குங்க," என்றான் நினியன். அவனுக்கு வெட்கம் வந்தால் காது சிவந்துவிடும். அப்போது இரண்டு காதும் கொல்லன் உலையில் போட்டு எடுத்த மாதிரி இருந்தன. அதைக் கன்னிசன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மாளிகைக்குப் பதினொரு சன்னல், பதினொன்றும் கோபுரத்தைப் பார்த்தே இருக்க வேண்டும் என்றார். வேலை உனக்குத்தான் என்றார். வியாழக்கிழமை அபர்டீனிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போய் அந்தக் கோபுரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும் என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

"ஐயா, பக்கத்துல போறது அவ்வளவு நல்லதில்லைங்க," என்றான் நினியன். "ரொம்பச் சாஞ்சு நிக்குது. எப்ப விழும்னு சொல்ல முடியாது."

இதைச் சொன்னால் மனிதர் பயந்துகொள்வார் என்று நினைத்தான்.

"அப்படின்னா உடனே போகணுமே," என்றார் கன்னிசன். "விழறதுக்குள்ள நான் பாத்துடணும். நீ முன்னாடி போய் ரெண்டு முட்டுக் குடுத்து வை."

இல்லாத கோபுரத்துக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பது என்று எடின்பரோவில் பன்னிரண்டு வருடமும் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் டன்லோரிக்குப் போய்ச் சேர்ந்தான். நேரே கோட்டைக்குத்தான் போனான். ஒரு வாரத்தில் ஏதாவது வளர்ந்திருக்குமா என்ற நப்பாசைகூட இருந்திருக்கலாம். வடகிழக்கு மூலையில் மார்பளவு மதில் இருந்தது. மதிலுக்குள் ஒன்பது ஆடுகள் இருந்தன. மேலே வானம் இருந்தது.

ஊருக்குள் வந்தால், நட்டநடு மத்தியானத்தில் ஊரே தூங்குகிறது. கொல்லன் உலை அணைந்து கிடந்தது. பீப்பாய் செய்கிறவன் தன் பட்டறை வாசலில் ஒரு காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தான். சாத்தின கதவுகளுக்குப் பின்னால் குறட்டை. சத்திரத்துக்கார எல்ஸ்பெத் சேன், ஓட்ஸ் மாவுப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று தரம் கூப்பிட்ட பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, ரொட்டி அங்கே இருக்கிறது, பாலாடைக்கட்டி இங்கே இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

போன தடவை நாள் முழுக்கக் கோட்டையிலேயே கிடந்ததால், இது இவ்வளவு சோம்பேறி ஊர் என்று நினியன் கவனித்ததில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. மத்தியானத்திலேயே இப்படித் தூங்குகிறவர்கள் ராத்திரியில் எப்படித் தூங்குவார்கள்? நேற்று ராத்திரி இங்கே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

உடனே எழுதினான். செவ்வாய்க்கிழமை இரவு வீசிய கடும் காற்றில், மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன், வடகிழக்குக் கோபுரம் அடியோடு விழுந்துவிட்டது. தாங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டிய தேவை இனி இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு மெழுகுவத்தியை அணைக்கிற காற்றுகூட இல்லை என்பது, அன்றைக்கு வழியில் ஒரு வைக்கோல் கொட்டகையில் படுத்திருந்த அவனுக்கே தெரியும். கடிதத்தைக் குதிரைக்காரன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கண்ணாடியில் தன் காது தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கன்னிசன் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார். தொப்பியில் கறுப்புத் துணி சுற்றியிருந்தார். நினியனுக்கும் ஒரு முழம் கொண்டு வந்திருந்தார்.

உறவுக்காரர் செத்துப்போனார் என்று கடிதம் வந்தால் வர வேண்டாம் என்று அதில் எழுதியிருப்பதற்காக வராமல் இருப்போமா என்று கேட்டார். இரண்டு பேரும் மதிலோரம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது ஆடும் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. கன்னிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நினியனுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

துக்கம் ஒரு அளவுக்கு வந்ததும் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். தொப்பி ஏறியதும் உள்ளே இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"அறுபத்திரண்டு அடிக் கோபுரம்னா எத்தனை வண்டிக் கல்லு வரும்?"

"இருநூத்துப் பத்து வண்டி வருங்க," என்றான் நினியன். தொழிலில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகிய வாய், அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அது எங்க?"

தரையில் புல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருந்தன. ரொட்டி அளவுக்குக்கூட ஒரு கல் கிடையாது.

நினியன் கடலைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். வேறு வழியில்லாமல், ஊர் ஜனங்க எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க என்றான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எங்கள் கடற்கரையில் கோட்டைக் கல் இல்லாத வேலிச் சுவரும் கிடையாது, பன்றிக் கொட்டிலும் கிடையாது. யார் வாங்கின கோட்டையாக இருந்தாலும் கல் ஊருக்குப் பொது என்பது இங்கே சட்டம் மாதிரி.

"இருநூத்துப் பத்து வண்டியா? ஒரே ராத்திரியிலயா?"

அந்த நேரம் பார்த்து எல்ஸ்பெத் சேன், புது நிலக்கிழாருக்குக் கொடுக்க ஒரு குவளை பியரோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. கன்னிசன் அவளையே கேட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரி இங்கே இருந்த கோபுரத்தின் கல்லை உங்கள் ஊரார் எடுத்துக்கொண்டு போனார்களா, இல்லையா?

எல்ஸ்பெத் நினியனைப் பார்த்தாள். வெறும் மூலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

"எங்க ஊரு ஜனங்க நல்ல உழைப்பாளிங்க, ஐயா," என்றாள்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது நினியனுக்கு. தன் சத்திரத்தில் தங்கின ஒரு விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்ற, அந்த நல்ல பெண் யோசிக்காமல் தன் ஊரையே கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தான்.

தண்டனையும் அன்றைக்கே ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் ஆறு வீரர்களோடு ஒரு சுங்க அதிகாரி வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், வாய் திறந்தால் கேள்விதான் வரும். கள்ளச் சரக்கு இறக்கிய ஏதோ டச்சுக் கப்பல் விவகாரம் என்று சொல்லிச் சத்திரத்தின் ஒரே நல்ல அறையைப் பிடித்துக்கொண்டார். நினியன் மூட்டையோடு சமையலறைப் பெஞ்சுக்கு வந்தான். தனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டான்.

கன்னிசன் போதகர் வீட்டில் தங்கினார். போதகர் கால்டு கோபப்பட்டுச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நிலக்கிழார் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, எந்த ராத்திரி என்று மட்டும் இன்னொரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் கோயில் ஊழியன் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அறிவித்தான். சனிக்கிழமை திருச்சபை மூப்பர்கள் கூடுவார்கள். கோபுரக் கல்லில் கை வைத்தவர்கள் தாமாகவே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டதும் நினியனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. யாருமே எடுக்கவில்லை, அதனால் யாருமே வரமாட்டார்கள். வராவிட்டால் விஷயம் தானாக அமுங்கிவிடும்.

சனிக்கிழமை காலையில் கோயில் வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் வரிசை நின்றது.

மூப்பர்களின் மேசைமேல் கன்னிசன் அந்தப் படத்தை விரித்து வைத்திருந்தார். அவர் பக்கத்தில் பென்சிலும் கையுமாக நினியன். வண்டிக் கணக்கை அவன்தான் கூட்ட வேண்டும் என்று உத்தரவு. உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் படத்தை நன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் பாவத்தைச் சொன்னார்கள்.

முதலில் வந்தது கொல்லன் டேவி பர்னி. ஆறு வண்டி என்றான்.

போதகர் கண்டிப்பான மனிதர். வெறும் பாவத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எந்த ராத்திரி? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கூட யார்? செவ்வாய்க்கிழமை ராத்திரி, பத்து மணியிலிருந்து விடியற்காலை நாலு மணி வரை, மச்சினனோடு என்றான் டேவி. எழுத்தர் பதிவேட்டில் எழுதினார். சரியாக எழுதியிருக்கிறதா என்று போதகர் ஒரு தரம் வாசித்துப் பார்த்தார்.

"அந்த ஆறு வண்டியும் இப்ப எங்கப்பா?" என்று கன்னிசன் கேட்டார்.

"பின்னாடி சதுப்புல கொட்டினேங்க. அது முழுங்கிடுச்சு."

அடுத்து பீப்பாய் செய்கிறவன். அவன் எட்டு வண்டி. தோளைத் திறந்து ஒரு கன்றிப்போன காயத்தைக் காட்டினான். கோபுரம் விழும்போது கல் பட்டதாம். அடுத்து மணியடித்துக் கூப்பிட்ட கோயில் ஊழியனே மணியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். வாசல்படிக்கு மேலே இருந்த, சின்னம் பொறித்த கல்லை எடுத்தது நான்தான் என்று ஒரு மீனவன் சொல்ல, அவன் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று அவன் தம்பி குறுக்கே வர, இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நினியன் படத்தைப் பார்த்தான். அவன் வாசல்படியே வரையவில்லை. ஒரு பெண் அந்த இரண்டு காக்கைகளின் கூடு கலைந்துபோனதைச் சொல்லி அழுதாள். கன்னிசனும் கைக்குட்டையை எடுத்தார்.

எழுபத்திரண்டு வயது இஸ்பெல் மட்ச், கருவாட்டுக்காரி, தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"சுழல் படிக்கட்டு பூரா நான்தாங்க எடுத்தேன்," என்றாள். "மடியில வச்சுத்தான் கொண்டு போனேன்."

நினியனால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு படி ஒரு ஆள் கனம் இருக்குமேம்மா," என்றான்.

"பொடிப் பொடியா உடைச்சுத்தான் தம்பி," என்றாள் அவள், அவனைத் தேற்றுவதுபோல.

மத்தியானத்துக்குள் நாற்பது பேர். நினியன் கூட்டிப் பார்த்தான். முந்நூற்று எண்பது வண்டி. மறுபடி கூட்டினான். அதே முந்நூற்று எண்பது. அவன் கட்டின கோபுரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு கோபுரத்தை ஊர் திருடியிருந்தது.

"கணக்கு கூடுதே?" என்றார் கன்னிசன்.

"அஸ்திவாரம் ஆழங்க," என்றான் நினியன்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பயம். நிலக்கிழார் ஒரு பக்கம், திருச்சபை ஒரு பக்கம், துப்பாக்கியோடு வீடு வீடாகக் கதவைத் தட்டும் சுங்க வீரர்கள் இன்னொரு பக்கம். ஏழை ஜனங்கள் என்ன செய்வார்கள்? செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து போகிறார்கள். கொல்லனின் கை நடுங்கியதை அவன் பார்த்தான். கருவாட்டுக் கிழவியின் கண் சிவந்திருந்ததைப் பார்த்தான். எல்லாம் ஒரு கிண்ணம் சூப்பினால் வந்தது. காதில் இருந்த சிவப்பு கழுத்துக்கு இறங்கி, சட்டைக்குள் போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் போதகரைத் தனியே பிடித்தான்.

"போதகரே, நான் ஒரு உண்மை சொல்லணும். அந்தக் கோபுரம்..."

போதகர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அவங்களுக்காகப் பரிஞ்சு பேச வந்திருக்கீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது, டாட்ஸ். ஆனா பதிவேட்டுல ஏறிப்போச்சு. நாப்பது பேர் சத்தியம் பண்ணிச் சொன்னதுக்கு எதிரா ஒருத்தர் வந்து என்ன சொன்னாலும் நான் கேக்கறதுக்கில்லை." பேசிக்கொண்டே அவனை வாசல் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய், மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

கன்னிசனிடம் போனான். சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, அது கோபுரம் இல்லைங்க. சூப்பு."

கன்னிசன் அவனையே பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் இரண்டு கையாலும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஏழைகளைக் காப்பாற்றுவதற்காக, கை வலிக்க வரைந்த படத்தையே சூப்பு என்று சொல்லத் துணிந்தவனைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். அவனுக்காகவே எல்லாரையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வழக்கு கிடையாது, திருச்சபை கொடுக்கிற தண்டனையோடு சரி. மாளிகை வேலையை அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"கோபுரத்தையும் திரும்பக் கட்டணும்," என்றார். "இப்ப உலகத்துலயே அது உன் தாள்ல மட்டும்தான் இருக்கு. ஒரு கல்லு மாறக் கூடாது. அந்த ரெண்டு காக்காயும் இருக்கணும்."

பன்னிரண்டு வருடம் ஆசைப்பட்ட வேலை கைக்கு வந்துவிட்டது. அந்தக் காகிதத்தைப் பிடிக்கக் கை கூசியது. அதைத் தன் பெட்டியில் வைத்தான், எடுத்தான், வேறு இடத்தில் வைத்தான். எங்கே வைத்தாலும் அது அவனைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் கோயில்களில் பிரசங்க மேடைக்கு நேர் கீழே ஒரு முக்காலி உண்டு. தப்புச் செய்தவர் சாக்குத் துணி உடுத்திக்கொண்டு, சபையைப் பார்த்தபடி அதில் உட்கார வேண்டும். ஊரார் பிரசங்கம் முடியும் வரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டன்லோரியில் இருந்தது ஒரு முக்காலிதான். நாற்பது பேரும் முறை வைத்து உட்கார்ந்தால் அடுத்த வருடம் வரைக்கும் இழுக்கும். அதனால் தச்சன் சனிக்கிழமை ஒரே மூச்சில் நீளமாக ஒரு பெஞ்சு அடித்துப் போட்டிருந்தான். அவனும் நாற்பதில் ஒருவன். தனக்குக் கொஞ்சம் அகலமாகவே இடம் விட்டிருந்தான். சாக்குத் துணியும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் ஓட்ஸ் சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

பெஞ்சு ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் நிறைந்தது. எதிரே சபை என்று பார்த்தால் கன்னிசன், நினியன், சுங்க அதிகாரி, அவருடைய ஆறு வீரர்கள், கைக்குழந்தைகள், குழந்தையைப் பிடித்துக்கொள்ள நாலைந்து பேர். மேடையிலிருந்து போதகர் பொழிந்த கண்டனம் பாவிகளின் தலைக்கு மேலாகப் பறந்து போய், எதிரே இருந்த சுங்க வீரர்களின் முகத்தில் அடித்தது. அவர்கள் நெளிந்தார்கள்.

பிறகு எழுத்தர் பதிவேட்டை வாசிக்க ஆரம்பித்தார். பெயர், எந்த ராத்திரி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வண்டி. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து தலையைக் குனிந்துவிட்டு உட்கார்ந்தார். சுங்க அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு பெயர் வாசித்தால் எதையோ எழுதுவார், எதையோ அடிப்பார், பெருமூச்சு விடுவார்.

இந்த மனிதருக்கு இவர்களின் அவமானத்தில் என்ன வேலை என்று நினியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி இது அபர்டீனுக்குப் போகும், எடின்பரோவுக்குப் போகும். டேவி பர்னி திருடன், எல்ஸ்பெத் சேன் திருடி என்று ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில், அவன் இருக்கைக்குக் கையெட்டும் தூரத்தில், இஸ்பெல் கிழவி கழுத்து வரைக்கும் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எழுபத்திரண்டு வயதில், நடக்கவே தடி வேண்டியிருக்கும் ஒருத்தி, இல்லாத படிக்கட்டைத் திருடினதற்காகச் சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் மட்டும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, மாளிகை வேலையைப் பையில் வைத்துக்கொண்டு, சபையில் உட்கார்ந்திருக்கிறான்.

முப்பத்தெட்டாவது பெயர். முப்பத்தொன்பது. நாற்பது.

எழுந்து நின்றுவிட்டான். மாளிகை போகும், பலகை போகும், இனி எடின்பரோவில் ஒருவரும் கோடு போடக்கூடக் கூப்பிடமாட்டார்கள். போகட்டும். அந்த வாரத்தில் முதல் தடவையாகக் காது குளிர்ந்திருந்தது.

"எனக்கும் ஒரு பாவம் சொல்ல வேண்டியிருக்கு," என்றான். "அந்தக் கோபுரம் இருக்கே..."

பெஞ்சில் நாற்பது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. போதகர் கையிலிருந்த வேதப் புத்தகம் மேடைமேல் பொத்தென்று விழுந்தது. எல்ஸ்பெத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சுங்க அதிகாரியின் பென்சில் நின்றது. அவர் மெல்லத் திரும்பி, நினியனை முதல் தடவையாக ஆசையோடு பார்த்தார்.

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு கை நீண்டு அவன் கோட்டைப் பிடித்து இழுத்தது. படிக்கட்டை நிஜமாகவே அவள்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பாளோ என்று நினைக்க வைக்கிற பலம் அந்தக் கையில் இருந்தது. நினியன் சடாரென்று உட்கார்ந்தான். இஸ்பெல் மட்ச் கண்ணைத் திறக்காமலே, உதடும் அசையாமல், அவன் காதருகே சொன்னாள்:

"கம்முனு இரு தம்பி. செவ்வாக்கிழமை ராத்திரி பூரா நாங்க நாப்பது பேரும் கோபுரத்துக் கல்லைத்தான் சுமந்தோம்னு அந்தச் சுங்கக்காரன் இப்பத்தான் எழுதி முடிச்சான். கோபுரமே இல்லைன்னு நீ சொன்னா, அப்ப என்னத்தைச் சுமந்தீங்கன்னு கேப்பான்."